இரத்தம் கொடுக்க ஏன் இந்த அச்சம்?

சீப்பை ஒளித்து வைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்று நம் பாட்டிமார் கேலியாகக் கேட்பார்கள். ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் சிக்கிய நம் பிள்ளைகள் பலர், இன்று அந்தச் சீப்பைத்தான் ஒளித்துக்கொண்டு நடக்கிறார்கள். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி தம் உடம்பில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் இந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள். இருந்தும் போகவேண்டியவர்களில் பலர் போவதில்லை.

ஏன் போவதில்லை? "போதைக்காரனுக்கு உயிர்மேல் என்ன அக்கறை!" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இப்பழக்கம் உள்ளவர்களோடு பழகிப் பணிபுரியும் டாக்டர்களும் தொண்டர்களும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களைத் தடுத்து நிறுத்துவது அச்சம். அதுவும் ஓர் அச்சமன்று, பல அச்சங்கள். அவற்றுள் சிலவற்றைப் போக்கவேண்டியவர்கள் அரசாங்கத்தாரும் மருத்துவர்களும். மற்றவற்றைப் போக்கவேண்டியவர்கள் நாமே. ஆம், அவனைப் பெற்றவர்களும், கட்டியவளும், உடன்பிறந்தவர்களும்தான்.

கிருமி வந்த வழி

மலேசியாவில் எச்.ஐ.வி. தொற்றியவர் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1983இல், போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அந்த இரண்டு பகைகளும் ஊசி முனையில் கைகோத்துக்கொண்டன. 2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாகக் கிருமி இருப்பது பதிவாயிற்று. இன்று வரை அதுவே உச்சம். அந்தக் காலத்தில் கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் ஊசி வழியே போதை ஏற்றியவர்கள்.

ஊசியில் அப்படி என்ன இருக்கிறது? ஒருவர் தம் நரம்பில் ஊசியைச் செலுத்தி எடுக்கும்போது, ஊசிக்குள்ளும் குழாய்க்குள்ளும் அவருடைய இரத்தம் சிறிது தங்கிவிடுகிறது. அதே ஊசியை அடுத்தவர் செலுத்தினால், அந்த இரத்தம் நேராக அவருடைய இரத்தத்தில் கலக்கிறது. பொடியைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, கலக்கும் தண்ணீர் ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொண்டாலும் ஆபத்து உண்டு. ஹெப்படைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோயும் இதே வழியில்தான், இன்னும் எளிதாக, தொற்றுகிறது.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் புதிதாகப் பதிவாவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு உடலுறவின் வழியே தொற்றியிருக்கிறது. ஊசியால் தொற்றுவோர் சிறு பங்கினரே. மகிழவேண்டிய செய்திதான். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஊசியைப் பகிர்ந்துகொண்டு, இன்று வரை ஒரு முறைகூட இரத்தம் பார்க்காதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் கிருமி நுழைந்ததிலிருந்து எய்ட்ஸாக முற்றுவதற்குச் சராசரியாக எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் ஆள் பார்வைக்கு நன்றாகவே இருப்பான், வேலைக்குப் போவான், கல்யாணமும் செய்துகொள்வான்.

முதல் அச்சம்: போலீஸ்

கிளினிக்குக்குப் போய் "நான் ஊசி போடுகிறவன்" என்று சொல்வது, தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வதாகத் தோன்றுகிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, போதைப்பொருளைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வதைக் குற்றமாக்கி, 5,000 வெள்ளி வரை அபராதத்துக்கோ இரண்டு ஆண்டு வரை சிறைக்கோ இடமளிக்கிறது. போலீசார் பிடித்ததும் முதலில் எடுப்பது சிறுநீர்ச் சோதனை. ஆகவே சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே இவர்களுக்குக் கைவிலங்குதான் நினைவுக்கு வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர்ச் சோதனை தேடுவது போதைப்பொருளை. எச்.ஐ.வி. இரத்தச் சோதனை தேடுவது கிருமியின் அடையாளத்தை மட்டுமே. அந்த ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து, அவன் நேற்று என்ன ஏற்றினான் என்று அந்தச் சோதனை சொல்லாது. இந்த வேறுபாட்டை அறியாமலேயே ஒதுங்கி நிற்பவர்கள் பலர்.

பழைய நினைவுகளும் தடையாக நிற்கின்றன. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போதைப் பழக்கமுள்ளவர்களை இரண்டு ஆண்டுகள் புசாட் செரெந்தி மறுவாழ்வு நிலையங்களில் வைத்தார்கள். அங்கும் சிறைகளிலும் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாக இருந்தது. சிறையில் கிருமி உள்ளவர்கள் தனிப் பிரிவில் வைக்கப்பட்டார்கள். சோதனையின் முடிவு ஒதுக்கலாகவே வந்தது என்றால், அதைக் கண்டவன் வெளியே வந்த பிறகு தானாகப் போய்க் கையை நீட்டுவானா? கட்டாயத்தால் எண்ணிக்கை கிடைக்கும், நம்பிக்கை கிடைக்காது.

இரண்டாம் அச்சம்: யாராவது பார்த்துவிட்டால்?

பட்டணத்தில் ஒருவன் எந்தக் கிளினிக்கில் நுழைந்தாலும் கேட்பாரில்லை. தோட்டத்தில் அப்படியா? டிரசர் அறையின் வாசலில் ஒருவன் கொஞ்ச நேரம் நின்றாலே லயம் முழுவதும் செய்தி பரவிவிடும். பக்கத்துப் பட்டணத்துக் கிளினிக்குக்குப் போனாலும் அங்கே நமக்குத் தெரிந்த ஒருவர் மருந்துக்குக் காத்திருப்பார். "உன் மகனை அங்கே பார்த்தேனே, என்ன உடம்புக்கு?" என்ற கேள்வி, மகன் வீடு திரும்புமுன் தாயின் காதுக்கு வந்துவிடும். தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்தக் கேள்விக்கு என்ன விலை என்று நமக்குத் தெரியாதா?

இந்த அச்சத்தைப் போக்கத்தான் சுகாதார அமைச்சு பெயர் கேட்காத பரிசோதனையை ஏற்படுத்தியது. முதற் சோதனைக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. எண் ஒன்றைக் கொடுத்து அந்த எண்ணுக்கே முடிவைச் சொல்வார்கள். கிருமி இருப்பது உறுதியாகி, சிகிச்சை தொடங்கும்போதுதான் பெயர் பதியப்படும். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர் அதைச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதை ஊருக்குச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. வீட்டருகே போக வெட்கமாக இருந்தால், இரண்டு பட்டணம் தள்ளிப் போகலாம். பஸ் செலவு சில வெள்ளி. மனநிம்மதிக்கு அது பெரிதல்ல.

மூன்றாம் அச்சம்: தெரிந்துகொண்டுதான் என்ன?

"கிருமி இருந்தால் சாகத்தான் போகிறேன். அதைத் தெரிந்துகொண்டு தினம் தினம் ஏன் சாகவேண்டும்?" இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இதற்கு மறுமொழி சொல்வது கடினமாக இருந்தது. அப்போது கைக்கு வந்த மருந்துகள் கிருமியை நெடுநாள் அடக்கிவைக்கவில்லை. 1996ஆம் ஆண்டையொட்டி, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தபோது நிலை மாறியது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு முதல் அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பலருக்கு இன்று நாளொன்றுக்கு ஒரே மாத்திரைதான்.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வந்தால், இரத்தத்தில் கிருமியின் அளவு கருவியால் காணமுடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே மனைவிக்குக் கிருமி தொற்றுவதில்லை என்று பெரிய ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. ஊசியைப் பகிர்வதற்கு அந்த உத்தரவாதத்தைக் கொடுக்க முடியாது. ஊசி எப்போதும் தனி ஊசியாகவே இருக்க வேண்டும்.

ஆகவே இரத்தச் சோதனை இன்று மரண ஓலை அன்று. மருந்துக்குப் போகும் நுழைவுச்சீட்டு.

நான்காவது: எனக்கு வராது

இது அச்சமன்று, அச்சத்தை மூடி மறைக்கும் துணிச்சல். "நான் கண்டவனோடு பகிர்வதில்லை, ஒரே கூட்டாளியோடுதான்." "அவன் நல்ல திடகாத்திரமாக இருக்கிறானே!" "எப்போதோ இரண்டு தடவைதான்." இப்படியெல்லாம் சொல்வார்கள். கூட்டாளி நல்லவனாகவே இருக்கட்டும். கிருமி ஆளின் குணத்தைப் பார்த்து நுழைவதில்லை. அந்தக் கூட்டாளி உங்களைச் சந்திக்குமுன் யாரோடு பகிர்ந்தான் என்பது அவனுக்கே நினைவிருக்காது. ஒரு முறை பகிர்ந்திருந்தாலும் சோதனை வேண்டும்.

ஐந்தாவது: கிளினிக்கில் கிடைக்கும் வரவேற்பு

தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஒருவன் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். எண் வாங்கிக்கொண்டு உட்காருகிறான். நேரம் போகிறது. போதை இறங்கும் வேளையில் அவனுக்கு உடம்பெல்லாம் நோவெடுக்கும், மூக்கு ஒழுகும், வயிறு கலங்கும். மணிக்கணக்கில் காத்திருக்க அவனால் முடியாது. கையைப் பார்த்த ஊழியர் முகத்தைச் சுளிக்கிறார். அல்லது உரத்த குரலில் நாலு பேர் கேட்க விசாரிக்கிறார். பல ஆண்டுகள் ஊசி குத்திய கையில் நரம்பு கிடைப்பதும் கடினம். மூன்று தடவை குத்தியும் இரத்தம் வராவிட்டால் அவன் எழுந்து போய்விடுவான். அப்படிப் போனவன் மறுபடி வருவது அரிது.

எங்கெல்லாம் சோதனை பெருகியது என்று பார்த்தால், இந்தத் தொல்லைகள் குறைந்த இடங்களில்தான். விரல் நுனியில் குத்தி எடுக்கும் உடனடிச் சோதனைக்கு நரம்பைத் தேட வேண்டியதில்லை. ஏறக்குறைய இருபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். "அடுத்த வாரம் வா" என்று அனுப்புவதில்லை. அதனினும் முக்கியம், சோதனையை அவர்கள் வந்துபோகும் இடத்துக்கே கொண்டுசெல்வது.

2005இல் தொடங்கிய திருப்பம்

மலேசிய எய்ட்ஸ் மன்றம் 1992இல் அமைக்கப்பட்டது. அதனோடு இணைந்த தொண்டர்களும், பேராசிரியர் டாக்டர் அடிபா கமாருல்ஸமான் போன்ற மருத்துவ நிபுணர்களும், போதைப் பழக்கத்தைக் குற்றமாக மட்டும் பாராமல் நோயாகவும் பார்க்கவேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2005ஆம் ஆண்டு அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. மெத்தடோன் வாயால் குடிக்கும் மருந்து. நாள்தோறும் கிளினிக்கில் அளந்து கொடுப்பார்கள். ஹெரோயினுக்கான வேட்கையை அது அடக்குவதால் ஊசியின் தேவை குறைகிறது. வேலைக்குப் போக முடிகிறது.

2006இல் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு ஆகிய இடங்களில், பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. "போதைக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பதா?" என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த ஊசியோடு வேறொன்றும் போய்ச் சேர்ந்தது. ஊசி கொண்டுசென்ற தொண்டர்களில் பலர் முன்பு தாமே இப்பழக்கத்தில் கிடந்து மீண்டவர்கள். அவர்களுக்கு அந்த வேதனை தெரியும். அந்தப் பேச்சு தெரியும். "வா அண்ணே, நானும் பார்த்துக்கொண்டேன், ஒரு குத்துதான்" என்று அவர்கள் அழைத்தபோது, டாக்டர் அழைத்தும் வராதவர்கள் வந்தார்கள். 2010ஆம் ஆண்டிலிருந்து புசாட் செரெந்திகளில் சில, விரும்பி வருவோருக்குச் சிகிச்சை தரும் கியூர் அண்ட் கேர் கிளினிக்குகளாக மாற்றப்பட்டன. ஊசியால் தொற்றுவோர் எண்ணிக்கை இறங்கியதில் இந்த முயற்சிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

மனைவிக்குத் தெரியாத செய்தி

கணவன் போகாவிட்டாலும் செய்தி ஒரு நாள் வீட்டுக்கு வந்தே தீரும். பல வீடுகளில் அது எப்படி வந்தது தெரியுமா? 1998ஆம் ஆண்டு முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிப் பெண்களுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்கிறார்கள். தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டு சோதனைக்குப் போன பெண்ணுக்கு, கணவன் மறைத்தது அங்கேதான் தெரியவந்தது. ஒரு குற்றமும் அறியாதவள் அவள்.

நல்ல வேளையாக, அதற்கும் இன்று வழி உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தக்க சிகிச்சை இருந்தால் 5க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் மலேசியாவுக்குச் சான்று அளித்தது. பெண்கள் சோதனைக்குத் தவறாமல் போனதால் கிடைத்த பெருமை அது. ஆண்களும் அவ்வாறு போனால்?

வீட்டில் என்ன செய்யலாம்?

இப்போது நம் பங்குக்கு வருவோம். வீட்டில் ஊசிப் பழக்கம் இருப்பது தெரிந்தால் நாம் செய்வது என்ன? அடிப்பது, அழுவது, சாமி வீட்டில் சத்தியம் வாங்குவது, கடைசியில் வெளியே துரத்துவது. கோபம் இயற்கைதான், நகையை விற்றுத் தின்றவனிடம் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால், "கிருமி இருந்தால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள்" என்று எண்ணுகிறவன் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் போவானா? அவன் எண்ணிப் பார்ப்பதெல்லாம், முடிவு தெரிந்தால் தனக்கு எது மிஞ்சும் என்பதைத்தான்.

ஆகையால் தாய் தன் மகனிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "ஐயா, நீ ஊசி போடுறது எனக்குத் தெரியும். இப்போ சண்டை போட வரல. ஒரு தடவை இரத்தம் பாத்துட்டு வந்துடுவோம். நானும் கூட வர்றேன். எது வந்தாலும் உனக்குச் சோறு இந்த வீட்லதான்." கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் முக்கியம்.

அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதும் கடினமன்று. ஒரே தட்டில் சாப்பிடுவதால் கிருமி தொற்றாது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதால், ஒரே கக்கூசைப் பயன்படுத்துவதால், துணியைச் சேர்த்துத் துவைப்பதால், இருமலால், கொசுக்கடியால், கட்டி அணைப்பதால் தொற்றாது. சவர பிளேடையும் பல் தூரிகையையும் மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும். ஆகவே தனித் தட்டும் தனிக் கோப்பையும் வைக்க வேண்டியதில்லை. அவை கிருமியைத் தடுப்பதில்லை. மனிதனை மட்டுமே தடுக்கின்றன.

தெரிந்துகொள்ள வேண்டிய சில

ஊசியைப் பகிர்ந்த மறுநாளே சோதித்தால் சரியாகத் தெரியாது. விரல் குத்திப் பார்க்கும் உடனடிச் சோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதனைக்கூடத்தில் பார்க்கும் புதிய முறையில் 45 நாளில் தெரிந்துவிடும். முதல் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும் அந்தக் காலம் கழித்து மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். பழக்கம் தொடருமானால் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்ப்பது அவசியம்.

உடனடிச் சோதனையில் கிருமி இருப்பதுபோல் காட்டினால் அதுவே முடிவான தீர்ப்பு அன்று. சோதனைக்கூடத்தில் மறுபடி பார்த்து உறுதிசெய்த பிறகுதான் சொல்வார்கள். அதற்குள் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊசி பகிர்ந்து மூன்று நாள், அதாவது 72 மணி நேரம் ஆகாதிருந்தால், தொற்றைத் தடுக்கும் மருந்து உண்டு. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. உடனே மருத்துவமனைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

எச்.ஐ.வி. பார்க்கும்போதே ஹெப்படைட்டிஸ் சி சோதனையையும் கேட்டு வாங்குங்கள். அந்த நோய்க்கான மருந்து ஒரு காலத்தில் ஏழைகள் நினைத்துப் பார்க்க முடியாத விலையில் இருந்தது. 2017இல் மலேசிய அரசாங்கம் சொபோஸ்புவிர் என்னும் மருந்தைக் குறைந்த விலையில் பெறச் சட்டப்படி வழிசெய்து, 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரத்தில் நோய் முற்றிலும் குணமாகிறது.

மெத்தடோன் குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. சில எச்.ஐ.வி. மருந்துகளும் காசநோய் மருந்துகளும் மெத்தடோனின் வேகத்தைக் குறைத்துவிடும். முன்கூட்டியே சொன்னால் டாக்டர் அளவைச் சரிசெய்வார். சொல்லாவிட்டால், உடம்பு நோவெடுத்துப் பழையபடி ஊசியைத் தேடும் நிலை வந்துவிடும்.

பெற்றோர்களே, சகோதரிகளே! போதையை விடுவது நெடும் பயணம். சிலர் நான்கு முறை விழுந்து ஐந்தாம் முறை எழுவார்கள். இரத்தம் பார்ப்பதற்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பழக்கத்தை விட்ட பிறகுதான் சோதனை என்று எந்தக் கிளினிக்கும் சொல்வதில்லை. இன்று ஊசி போட்டவனும் நாளைக் காலையில் போய்ப் பார்க்கலாம். கிருமி இல்லை என்று தெரிந்தால், இனி வராமல் காத்துக்கொள்ள அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கும். இருக்கிறது என்று தெரிந்தால் அன்றே மருந்துக்கு வழி கிடைக்கும். இரண்டில் எதுவானாலும், கிளினிக்கின் நாற்காலியில் அவன் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.